கவிதைக்கு ஏழு நாள், கதைக்கு ஒன்றரை மணி நேரம்

"சேர்ந்து வாசிக்க ஒரு குழு ஆரம்பிக்கப் போகிறோம். வாட்ஸ்அப் போதுமா, டெலிகிராமுக்குப் போகலாமா, இல்லை வாரம் ஒருமுறை ஜூமில் கூடலாமா?" இப்படிக் கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வாசிக்கப் போவது கவிதையா, கதையா? "ரெண்டும்தான்" என்ற பதில்தான் அநேகமாக வரும். குழு மூன்று மாதத்தில் படுத்துவிடும் என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன். ஏழெட்டு வருடங்களில் ஐந்து குழுக்களில் இருந்து பார்த்த அனுபவம் அப்படி. இரண்டு இன்னும் நன்றாக நடக்கின்றன. ஒன்று சண்டையில் முடிந்தது. ஒன்றை நானே கலைத்தேன். இன்னொன்று உயிரோடு இருக்கிறதா என்றே தெரியவில்லை; பிறந்தநாள் வாழ்த்துகள் மட்டும் தவறாமல் வருகின்றன. நடக்கிற இரண்டில் ஒன்று கவிதைக்கு மட்டும், மற்றது கதைக்கு மட்டும். யாரும் திட்டமிட்டுப் பிரிக்கவில்லை, தானாக அப்படி அமைந்தது. ஏன் அமைந்தது என்று யோசித்தபோதுதான் இந்த ஒப்பீடு பிறந்தது.

கவிதை சின்னது. திரையில் முழுவதும் தெரியும், ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம், ஆனால் அதைப் பற்றிச் சொல்ல ஏதாவது தோன்ற மூன்று நாள் ஆகும். கதை நேர்மாறு. படிக்கத்தான் நேரம் வேண்டும். படித்து முடித்த கையோடு பேசத் தோன்றும், அந்தச் சூடு ஆறிவிட்டால் அப்புறம் பாதி மறந்துபோகும். ஒரே குழுவில், ஒரே முறையில் இரண்டையும் நடத்தினால் ஏதோ ஒன்று மூச்சுத் திணறும்.

எழுத்தில் பேசுவது

அரட்டைச் செயலியில் ஒரு குழு தொடங்கி, வாரம் ஒரு கவிதையைப் போட்டு, எழுத்திலேயே பேசுவது முதல் வழி. செலவில்லை, எல்லோருடைய கைபேசியிலும் ஏற்கெனவே இருக்கிறது, நேரம் ஒத்துவர வேண்டியதில்லை. ஒருவருக்கு இரவு பதினொன்றாக இருக்கும்போது இன்னொருவருக்குக் காலை விடிந்துகொண்டிருக்கலாம், பரவாயில்லை. கவிதைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இணையத்தில் இல்லை என்பது என் கட்சி.

ஒரு வாரம் குறுந்தொகையின் 40-ஆம் பாட்டை எடுத்துக்கொண்டோம்: "யாயும் ஞாயும் யாரா கியரோ". எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. தெரியும் என்பதாலேயே யாரும் திரும்ப வாசிக்காத பாட்டு. ஐந்தே அடி, பத்தொன்பது சீர். முதல் நாள் எதிர்பார்த்தபடி "அருமை", "காலத்தால் அழியாத வரிகள்" என்று ஓடியது. இரண்டாம் நாள் ஒருவர், முதல் மூன்று அடிகளுமே கேள்விகள் என்று எழுதினார். என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார், தந்தையர் எந்த வகையில் உறவு, நானும் நீயும் எப்படி அறிந்துகொண்டோம். பதில் எங்கே என்று தேடினால், பதிலே வராமல் நேராக உவமைக்குத் தாவுகிறது பாட்டு.

மூன்றாம் நாள் இன்னொருவர் கேட்டார்: நான்காம் அடி மட்டும் ஏன் குட்டையாக இருக்கிறது? "செம்புலப் பெயல்நீர் போல" என்று மூன்றே சீர். உவமை வந்ததும் பாட்டு மூச்சை நிறுத்திக்கொள்கிறது என்பது அவர் வாதம். யாப்பு தெரிந்த நண்பர் உடனே வந்தார். அதெல்லாம் ஒன்றுமில்லை, நேரிசை ஆசிரியப்பா என்ற இந்தப் பாவகையில் கடைசி அடிக்கு முந்தைய அடி முச்சீராகத்தான் வரும், அது விதி, கவிஞர் தனியாக எதுவும் செய்யவில்லை என்றார். விதி என்றால் சரி, விதி குட்டையாக்கி வைத்த அந்த இடத்தில் உவமையைக் கொண்டுபோய் உட்கார வைத்தது யார் என்று கேள்வி திரும்பி வந்தது. வாரம் முடியும்வரை அது தீரவில்லை.

நேரில் கூடியோ காணொளியிலோ பேசியிருந்தால் இது நடந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். முதல் நாள் "அருமை"யிலேயே கூட்டம் முடிந்திருக்கும். மூன்றாம் நாள் தோன்றுகிற கேள்விக்கு மூன்றாம் நாள் வரைக்கும் பேச்சு திறந்திருக்க வேண்டும்.

இதில் ஒரு சில்லறைச் சிக்கலும் உண்டு. கவிதையைப் பொறுத்தவரை அது சில்லறை இல்லை. குட்டை அடியைப் பற்றி நாங்கள் அடித்துக்கொண்டிருந்தபோது ஓர் உறுப்பினருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. கண்ணுக்கு வசதியாக எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். அவர் திரையில் நாற்சீர் அடிகளெல்லாம் இரண்டாக மடிந்து, பாட்டு ஒன்பது வரியாகத் தெரிந்திருக்கிறது. எது கவிஞர் உடைத்த வரி, எது கைபேசி உடைத்த வரி என்று அவருக்கு எப்படித் தெரியும்? மரபுக்கவிதையிலாவது சீரை எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம். புதுக்கவிதையில் அந்த வழியும் இல்லை. வரியை எங்கே உடைப்பது என்பதுதான் அங்கே பாதிக் கவிதை.

போதாததற்கு வாட்ஸ்அப்பில் சொல்லின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி வந்தால் அது தடித்த எழுத்தாகிவிடும், அடிக்கோடு வந்தால் சாய்ந்துவிடும், வரி சிறுகோட்டில் ஆரம்பித்தால் பட்டியல் போலப் புள்ளி வைத்துக்கொள்ளும். உரையாடல் வரிகளைச் சிறுகோட்டோடு எழுதுகிற கவிஞர் பாவம். நாங்கள் இப்போது கவிதையை இரண்டு முறை போடுகிறோம். வரியமைப்பு தெரிய ஒரு படம், நகலெடுத்து மேற்கோள் காட்டவும், திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவருக்கும் ஓர் எழுத்து வடிவம். எழுத்து வடிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் எண். "அந்த இடத்தில்" என்று யாரும் மொட்டையாகச் சொல்லாமல் "ஏழாம் வரியில்" என்று சொல்லப் பழகியதே பேச்சின் தரத்தை மாற்றியது.

அப்புறம், "அருமை". இந்தச் சொல்லை எதிர்த்து ஓர் இயக்கமே நடத்தலாம். ஆனால் அதற்கும் நம்மிடம் பழைய கதை ஒன்று உண்டு. இறையனார் களவியல் என்ற காதல் இலக்கண நூலுக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கொரு உரை சொல்ல, எது மெய்யுரை என்று தீர்மானிக்க உருத்திரசன்மன் என்ற ஊமைச் சிறுவனை உட்கார வைத்தார்களாம். மற்றவர்கள் சொன்னபோது சும்மா இருந்த பிள்ளை, மருதன் இளநாகனாரின் உரையில் ஆங்காங்கே கண்ணீர் விட்டான்; நக்கீரரின் உரையில் சொல்லுக்குச் சொல் கண்ணீர் வார்த்து மெய்சிலிர்த்தான். தீர்ப்பு அதுதான். இதய எமோஜியின் முப்பாட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம்: அந்தப் பிள்ளை எந்தச் சொல்லுக்கு அழுகிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நம் எமோஜியில் அது தெரிவதில்லை. ஆகவே எங்கள் விதி: பாராட்டலாம், திட்டலாம், எது சொன்னாலும் வரி எண்ணோடு சொல்ல வேண்டும். இன்னொரு விதி: கவிதை போட்ட முதல் இருபத்துநான்கு மணி நேரம் யாரும் வாய் திறக்கக் கூடாது. முதலில் பேசுகிறவரின் கருத்துதான் மற்ற எல்லோருடைய கருத்தாகவும் ஆகிவிடுகிறது. அவர் கொஞ்சம் மூத்தவராகவோ பெயர் பெற்றவராகவோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

வாட்ஸ்அப்பா டெலிகிராமா என்பது பெரிய முடிவு இல்லை. வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம், டெலிகிராமில் 2,00,000 வரை. வாசிப்புக் குழுவுக்கு இரண்டுமே அபத்தமான எண்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் பேசுகிறவர் நாலு பேராகவும் பார்க்கிறவர் மற்றவர்களாகவும் பிரிந்துவிடுவார்கள். டெலிகிராமில் எனக்குப் பிடித்தது வேறு இரண்டு வசதிகள். ஒரே குழுவுக்குள் தலைப்புவாரியாகத் தனித்தனி இழைகள் வைத்துக்கொள்ளலாம், ஒரு கவிதைக்கு ஓர் இழை. புதிதாக வருகிறவருக்கு ஆரம்பத்திலிருந்து நடந்த பேச்சு முழுவதையும் காட்டும்படி அமைக்கவும் முடியும். இரண்டு வருடம் கழித்து ஒரு கவிதைக்குத் திரும்பிப் போகிற பழக்கம் உள்ள குழுவுக்கு இது பெரிய விஷயம். ஆனால் உங்கள் குழுவில் பாதிப் பேர் புதுச் செயலி என்றாலே பின்வாங்குகிறவர்களாக இருந்தால், வாட்ஸ்அப்பிலேயே இருங்கள். வசதி இல்லாமல்கூட ஓட்டிவிடலாம், ஆள் இல்லாமல் முடியாது.

கதையை இங்கே போட்டால் என்ன ஆகும்? நான் கலைத்த குழுவின் வரலாறே அதுதான். திங்கட்கிழமை கதை போடுவேன். செவ்வாய்க்கிழமை ஒருவர் முடித்துவிட்டு, "கடைசியில் அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது என்பது பிரமாதம்" என்று எழுதிவிடுவார். மற்றவர்களுக்குக் கதை அங்கேயே செத்தது. வெள்ளிக்கிழமை ஒருவர் "இன்னும் படிக்கவில்லை, வார இறுதியில் வருகிறேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் வரும்போது பேசியவர்களுக்குப் பாத்திரங்களின் பெயரே மறந்திருக்கும். நாலு மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

முகம் பார்த்துப் பேசுவது

சிறுகதை என்பது ஒரே அமர்வில், அரை மணியிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வாசித்து முடிப்பது என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842-ல் எழுதினார். வாசிப்புக்கு அவர் சொன்ன ஒரே அமர்வு பேச்சுக்கும் பொருந்துகிறது. கதையை எல்லோரும் தனியாகப் படித்துவிட்டு வந்து, ஒரே மூச்சில் பேசி, அன்றே முடித்துவிடுவது நல்லது.

காரணம், கதையைப் பற்றிய கருத்து வேறுபாட்டில் பாதி "என்ன நடந்தது" என்பதில்தான் இருக்கிறது. அவனுக்கு எப்போது தெரிந்தது? கதவைத் திறந்தது யார்? கதை சொல்கிறவர் பொய் சொல்கிறாரா? எழுத்தில் இதற்குப் பதினைந்து செய்திகள் போகும், பேச்சில் இரண்டு நிமிடம். "இல்லை இல்லை, மூன்றாம் பத்தியைப் பாருங்கள்" என்று ஒருவர் இடைமறிக்க, எல்லோரும் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்கும். இடைமறிப்பு கவிதைக்கு விஷம், கதைக்கு உரம்.

கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடம்தான். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். எட்டுப் பேர் 40 நிமிடத்தில் கூடினால் தலைக்கு ஐந்து நிமிடம். வணக்கம் சொல்லவும் ஒலிவாங்கியைச் சரிபார்க்கவும் போக அது நாலாகிவிடும். ஆளுக்கு நாலு நிமிடம் என்றால் எல்லோரும் தயாரித்து வந்ததை ஒப்பிப்பார்கள், ஒருவருக்கொருவர் பதில் சொல்ல நேரம் இருக்காது. என் அனுபவத்தில் ஒரு சிறுகதைக்கு ஏழெட்டுப் பேரும் தொண்ணூறு நிமிடமும் வேண்டும். கட்டணம் கட்ட மனமில்லை என்றால் இரண்டு 40 நிமிட அமர்வாகப் பிரித்து, இடையில் ஒரு தேநீர் இடைவேளை விடலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், முதல் பாதியில் என்ன நடந்தது, இரண்டாம் பாதியில் எப்படிச் சொல்லப்பட்டது. கட்டாயத்துக்காகப் பிரித்தது நல்ல ஒழுங்காக அமைந்துவிட்டது.

படிக்காமல் வருகிறவர் பிரச்சினை இதில் உண்டு. எழுத்துக் குழுவில் படிக்காதவர் அமைதியாக இருப்பார். காணொளியில் படிக்காதவர்தான் அதிகம் பேசுவார், பொதுவாக ஆசிரியரின் வாழ்க்கையைப் பற்றியோ தன்னுடைய வாழ்க்கையைப் பற்றியோ. இதற்கு நாங்கள் கண்ட மருந்து: ஒவ்வொருவரும் வரும்போது கதையிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வர வேண்டும், கூட்டம் அதை வாசிப்பதில் ஆரம்பிக்கும். வாக்கியம் கையில் இல்லாதவர் அன்றைக்குக் கேட்க மட்டும் செய்வார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

சரி, கவிதையைக் காணொளியில் பேசினால் என்ன? பேசிப் பார்த்தோம். கவிதை வாசித்து முடித்ததும் அறையில் ஒரு மௌனம் விழுமே, நேரில் அது அழகாக இருக்கும். திரையில் பத்து நொடி மௌனம் விழுந்தால் "ஹலோ, கேக்குதா?" என்று ஒருவர் கேட்டுவிடுகிறார். கவிதைக்கு அந்த மௌனம் வேண்டும். ஆனால் கவிதைக்குக் குரலும் வேண்டும் என்பதால், எங்கள் கவிதைக் குழுவில் கவிதையைப் போடுகிறவரே அதை வாய்ஸ் நோட்டாகவும் வாசித்துப் போடுகிறார். அதை இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்கிற பாவிகளும் இருக்கிறார்கள்.

மற்ற இரண்டு வழிகள்

குரல் மட்டும் கேட்கிற அறைகள், 2020-ல் கிளப்ஹவுஸ் செயலி பிரபலமாக்கிய பாணி. ஒருவர் கதையை வாசிக்க மற்றவர்கள் வேலை செய்துகொண்டே கேட்கலாம். கேட்க இனிமையானது, விவாதத்துக்குத் தோதில்லை. பனுவல் கண்முன் இல்லாதபோது எல்லோரும் நினைவில் தங்கியதைப் பற்றிப் பேசுகிறார்கள், அது கதையைப் பற்றிய பேச்சாக இருப்பதில்லை.

பகிர்ந்த ஆவணம் வேறு ரகம். கூகுள் டாக்ஸ் போன்ற ஒன்றில் கவிதையையோ கதையையோ இட்டு, ஓரத்தில் ஆளாளுக்குக் குறிப்பு எழுதுவது. பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை என்று பனுவலை ஒட்டியே பேசிய நம் உரையாசிரியர்கள் இன்றைக்கு இருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஒரே சொல்லின் மேல் மூன்று பேரின் குறிப்பு வரிசையாக நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும். நான்கு பேர், கணினி முன் உட்காருகிறவர்கள் என்றால் இதைவிடச் சிறந்தது இல்லை. கைபேசியில் மட்டும் வாசிக்கிற குழுவுக்கு இது ஒத்துவராது. அந்தச் சின்னத் திரையில் ஓரத்துக் குறிப்புகளைத் திறந்து திறந்து மூடுவதற்குள் பொறுமை போய்விடும்.

பெயரோடா, பெயர் இல்லாமலா?

எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்தக் கேள்வி வரும், இதற்கு நான் ஒரு பக்கம் சாய்ந்தே பதில் சொல்வேன். கேம்பிரிட்ஜில் இலக்கிய விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1920-களில் ஒரு சோதனை செய்தார். கவிஞரின் பெயர் இல்லாமல் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, ஒரு வார அவகாசத்தில் கருத்தை எழுதித் தரச் சொன்னார். 1929-ல் அந்தக் கருத்துகளைப் பதிப்பித்தபோது பலருக்குச் சங்கடமாகிவிட்டது. நன்றாகப் படித்த மாணவர்களே நேரடிப் பொருளைக்கூடத் தவறவிட்டிருந்தார்கள். பெரிய கவிஞர்கள் திட்டு வாங்கினார்கள், சுமாரான கவிதைகள் கைதட்டல் வாங்கின.

பெயரை மறைத்துக் கவிதை போடுவது ஓர் அரட்டைக் குழுவில் மிக எளிது. ஒரு வாரம் கழித்துப் பெயரைச் சொல்லலாம். (தேடுபொறியில் தேட மாட்டோம் என்று சத்தியம் வாங்கிக்கொள்ள வேண்டும்.) நாங்கள் மாதம் ஒருமுறை இதைச் செய்கிறோம். நான் மிகவும் மதிக்கிற ஒரு கவிஞரின் கவிதையைப் "பயிற்சிக் கவிதை மாதிரி இருக்கிறது" என்று எழுதியது நான்தான். பெயர் வெளியானதும் கருத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை, அந்தக் கவிதை நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. கதையில் பெயரை மறைப்பது அவ்வளவு பயன் தரவில்லை. இரண்டு பக்கத்தில் நடை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

உறுப்பினர்கள் தாங்கள் எழுதியதையே கொண்டுவருவது முற்றிலும் வேறு வேலை, அதற்குத் தனிக் குழு வையுங்கள். சண்டையில் முடிந்த குழு இதைக் கலந்ததால்தான் முடிந்தது. ஒரு நண்பரின் கதையை இன்னொருவர் கிழித்தார், அடுத்த வாரம் அவர் கதைக்கு இவர் பழி தீர்த்தார். இதற்கு உலகத்தில் இரண்டு பிரபலமான முறைகள் உண்டு. 1936-ல் அமெரிக்காவில் தொடங்கிய அயோவா எழுத்துப் பட்டறையோடு சேர்த்துப் பேசப்படும் முறையில், மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாயே திறக்கக் கூடாது. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் உருவாக்கிய முறை நாலு படிகள் கொண்டது: முதலில் எது மனதில் நின்றது என்று சொல்கிறார்கள், பிறகு படைத்தவர் கேள்வி கேட்கிறார், பிறகு மற்றவர்கள் கருத்தைத் திணிக்காத கேள்விகளைக் கேட்கிறார்கள், கடைசியில் படைத்தவரின் அனுமதியோடு கருத்து. முகம் தெரியாத இணையக் குழுவுக்கு இரண்டாவதே பாதுகாப்பானது. முதலாவதில் ஒருவரின் மௌனம் எப்போது அழுகையாக மாறுகிறது என்பது திரையில் தெரியாது.

கோப்புகளைப் பற்றி ஒன்று. ஆசிரியர் இறந்து 50 முதல் 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிப்பது பெரும்பாலான நாடுகளின் சட்டம். முழுத் தொகுப்பையும் ஸ்கேன் செய்து குழுவில் போடுகிற தாராள மனசுக்காரர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். ஆசிரியரே இணையத்தில் வைத்திருக்கும் படைப்பின் இணைப்பைக் கொடுக்கலாம், உரிமைக் காலம் முடிந்த படைப்புகளை எடுத்துக்கொள்ளலாம், மற்றதை வாங்கிப் படிக்கலாம். இதற்கு மேல் அட்மினால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே, என்னைக் கேட்டால்: கவிதை என்றால் எழுத்துக் குழு, பன்னிரண்டு பேருக்குள், வாரம் ஒன்று மட்டும். தினம் ஒரு கவிதை போடுகிற குழுவில் சேராதீர்கள், அங்கே யாரும் படிப்பதில்லை. கதை என்றால் மாதம் இரண்டு காணொளிக் கூட்டம், ஏழெட்டுப் பேர். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு குழு, உறுப்பினர்கள் அதே ஆட்களாக இருந்தாலும் சரி. நேரம் மிகவும் குறைவு, ஒன்றுதான் முடியும் என்றால் கவிதைக் குழுவைத் தேர்ந்தெடுங்கள். கதைக் கூட்டத்துக்கு ஒருமுறை வராமல் போனால் அது போனதுதான். கவிதை வியாழக்கிழமையும் அங்கேயே இருக்கும்.

எங்கள் குழுவில் திங்கட்கிழமை காலை கவிதை போட வேண்டும், இந்த வாரம் என் முறை. இன்றைக்கு ஞாயிறு இரவு. இரண்டைத் தேர்ந்து வைத்திருக்கிறேன், ஒன்றில் வரிகள் ரொம்ப நீளம். எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கிற நண்பரின் திரையில் அது என்ன பாடுபடும் என்று பார்க்க, என் கைபேசியிலும் எழுத்தைப் பெரிதாக்கி உட்கார்ந்திருக்கிறேன்.